தியோடலைட், முன் லென்ஸ், கறை

தலவாக்கலையில், பேக்கரிக்கு மேல் மாடி.
ஒரு மேசை, ஒரு விளக்கு, நான்.
தோட்ட ஆஸ்பத்திரிகளின் மைக்ரோஸ்கோப்புகள்
பூஞ்சணம் பிடித்து ஏறிவரும்.
இரண்டு நாளில் இறங்கிப் போய்
சளியில் கிருமி தேடும்.

போன வியாழன் சவரிராஜ் தூக்கிவந்தது வேறு.
சர்வேயருடைய தியோடலைட்.
மேல் டிவிசனில் ஏழு ஏழு பேர்ச்சஸாய்
காணி அளக்கிறார்கள், மழை விட்ட நேரத்தில்.
"முன் கண்ணாடியில கறை.
தேய்ச்சுத் தரச் சொன்னாரு ஐயா. திங்கக்கிழமைக்குள்ள."

கறைதான்.
மண்ணெண்ணெய் சிந்திய குட்டைபோல
ஊதாவும் பழுப்பும்.
ஸ்பிரிட் போட்டேன். போகவில்லை.
பஞ்சு மாற்றி, மூச்சு ஊதி, மறுபடி.
போகவில்லை.

அழுக்கென்றால் மேலே உட்கார்ந்திருக்கும்.
இங்கே எதுவும் வந்து உட்காரவில்லை,
ஏதோ எழுந்து போயிருக்கிறது.
பெட்டிக்குள் புகுந்த பனி
எத்தனையோ மழைக்காலமாய்
கண்ணாடியின் ஈயத்தையும் காரத்தையும்
கரைத்துக்கொண்டே போக,
மேல்தோலில் மிஞ்சியது மணலின் கூடு மட்டும்.
கண்ணுக்குத் தெரியாத துளைகள்.
கனம், பச்சை ஒளியின்
ஓர் அலையில் கால்வாசி.

அலமாரியிலிருந்து புதிதாய் ஒன்றை எடுத்து
இரண்டையும் ஜன்னலில் பிடித்தேன்.
புதியதில் என் மூக்கு, என் விளக்கு,
நேற்று காயப்போட்ட துண்டு.
அவற்றுக்குப் பின்னால் எங்கேயோ மலை.
கறை பிடித்ததில் நான் இல்லை.
எதிர்ச்சரிவு இருந்தது. லயத்துக் கூரை இருந்தது.
தகரம் பறக்காமல் வைத்த கற்களை எண்ணினேன்:
பதினொன்று.
புதியதில் எட்டுக்கு மேல் எண்ண முடியவில்லை.

சுத்தமான கண்ணாடி
நூறு வந்தால் ஐந்தைத் திருப்பி அனுப்பும்.
எட்டு முகம் தாண்டுவதற்குள்
மூன்றில் ஒரு பங்கு காலி.
கொழுந்து நிறுக்கையில்
சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று
கழிப்பார்களே, அப்படி.
இந்தத் தோலில் மட்டும்
மேலிருந்து திரும்புகிற ஒளியும்
அடியிலிருந்து அரை அலை பிந்தித் திரும்புகிற ஒளியும்
ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன.
திரும்ப வழியில்லாதது உள்ளே போகிறது.

பொறுக்கவில்லை எனக்கு.
உடைந்த பைனாகுலரின் ஈயக் கண்ணாடி ஒன்றை
வினாகிரியில் போட்டுவைத்தேன், வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி.
வெள்ளியிரவு வைக்கோல் நிறம்.
சனி மத்தியானம் ஊதா,
அப்போதே எடுத்திருக்க வேண்டும்.
கீழே போய் மாலுபாண் வாங்கி,
பேக்கரிக்காரரோடு அரிசி விலை பேசிவிட்டு வந்தால்
வெண்படலம். கண்புரை விழுந்த கண்.
கரைத்தலுக்கு நிற்கத் தெரியாது,
நிறுத்த ஆள் வேண்டும்.
பனிக்கு யார் நின்றார்கள் என்று தெரியவில்லை.

திங்கள் காலை சவரிராஜ்.
"தேய்க்கலையா?"
"இல்லை."
"ஐயா ஏசுவாரு."
"பார்த்துவிட்டு ஏசட்டும். நீ பார்."
ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.
"பீலியில யாரோ வாளிய மறந்துட்டுப் போயிருக்காங்க.
நீல வாளி. காது அறுந்தது."
அப்புறம் மெதுவாக,
"எங்க வீட்டு வாளிதான்."

வெளிச்சம் கூடியதால் எல்லைக்கல் நகராது.
ஏழு பேர்ச்சஸ் ஏழுதான்.
அதற்குமேல் இந்தக் கண்ணாடியின் பேரில்
நான் எதுவும் சொல்லமாட்டேன்.

பில் புத்தகத்தில் எழுதினேன்:
முன் லென்ஸ். கறை, பழுது அல்ல.
தேய்க்கவில்லை. இனி யாரும் தேய்க்கக் கூடாது.
கூலி என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து
நூற்றைம்பது ரூபாய் போட்டேன்.
பார்த்ததற்கு.

அவன் தோளில் பெட்டியோடு இறங்கும்போதே
மழை பிடித்துக்கொண்டது.
வெண்படலக் கண்ணாடி ஜன்னலில்தான் இருக்கிறது.
அடுத்ததைப் போட்டிருக்கிறேன்.
இன்றைக்கு மாலுபாண் கிடையாது.